சுடுவதற்கு ஒரு பேர்

"பிள்ளை, உன்ர மனுசன் மாடு மேய்க்கப் போறாராம், மெய்யே?"

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தவமணி அன்ரி இப்படிக் கேட்டாள். அன்றைக்கே அருள்மலருக்கு மானம் போய்விட்டது.

மாடு மேய்த்தால்கூடப் பரவாயில்லை. மாடு மேய்க்கிறவனைப்போலத் தொப்பியும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, நூறு வருடத்துக்கு முந்தின மாதிரிக் கைத்துவக்கால் இரும்புத் தகட்டைச் சுடுகிற விளையாட்டு. அவன் வேலைசெய்கிற தொழிற்சாலைச் சுப்பவைசர் பிரையன் பழக்கிவிட்ட பைத்தியம்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்த குடும்பம். சிற்றிசன் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. எவனாவது ஒரு பொலிஸ்காரன் வந்து தாள்களைப் புரட்டினால் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

"துவக்கு பிரையன்ரை. சுட்டுப்போட்டு அங்கையே குடுத்திட்டு வாறன். உதுக்கேன் இந்தக் கத்தல்?" என்பான் புருசன் மகேஸ்வரன்.

இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டுவதென்றுதான் அவளும் காரில் ஏறினாள். மார்க்கம் நகரைத் தாண்டி, வீடுகள் முடிந்து, சோளம் தொடங்கி, அதுவும் முடிகிற இடத்தில் இருந்தது அந்தத் திடல்.

ஆடி மாத வெயில் மண்டையைப் பிளந்தது.

மற்றவர்கள் தோட்டாவைப் போட்டார்கள், சுட்டார்கள், கோப்பி குடிக்கப் போனார்கள். இவன் மட்டும் மேசையில் குனிந்தபடி நின்றான்.

இந்தத் துவக்குக்குத் தோட்டாவே இல்லையாம். உருளையின் ஒவ்வொரு குழிக்குள்ளும் கரிமருந்தை அளந்து கொட்ட வேண்டும். மேலே ஈயக் குண்டை வைத்து நெம்பி இறுக்க வேண்டும். ஒரு குழியின் நெருப்பு பக்கத்துக் குழிக்குத் தாவாமலிருக்க வாயில் கிறீஸ் பூச வேண்டும். கடைசியில் பின்பக்கம், அடித்தால் பொறி தட்டுகிற பயறளவு செப்புக் கேப் ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். அதற்குள் ஒரு சமையலை முடித்து இறக்கிவிடலாம்.

கிறீஸை மாட்டுக்கொழுப்பில் காய்ச்சுவதுதான் அங்கே வழக்கம். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வீட்டில் மாட்டுக்கொழுப்பா? மகேஸ்வரன் தேங்காயெண்ணெயில் காய்ச்சினான், அதுவும் அவளுடைய தாளிக்கிற சட்டியில். மாசிக் குளிரில் அது கல்லுப்போல இறுகித்தான் இருந்தது. இப்போது தண்ணீராக உருகி, முழங்கை வழியே ஓடி, பழைய உடுப்புக் கடையில் வாங்கிய அரைக்கோட்டை நனைத்தது.

பிரையன் சிரித்துக்கொண்டே தன்னுடைய டப்பாவை நீட்டினான். மகேஸ்வரன் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் மாட்டுக்கொழுப்பை அள்ளினான்.

"உந்தக் கையோட என்ர குசினிக்குள்ள வந்திடாதேங்கோ!"

இது போதாதென்று இன்னொரு கூத்து. இந்தச் சங்கத்தில் யாரும் சொந்தப் பேரில் சுடக்கூடாது. ஆளுக்கொரு பொய்ப்பேர் வைத்துப் பதிய வேண்டும். மீசைக்காரர் ஒருவர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒற்றைக்கண் பில். கிழிந்த சப்பாத்து ஹாங்க். வயதான பல் வைத்தியர் ஒருவருக்குப் பேர் விஷப்பாம்பு.

என்ன பேர் வைத்திருக்கிறான் என்று காரில் கேட்டபோது மகேஸ்வரன் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினான். ஏதாவது ஒரு ஜோனாக இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மீசைக்காரர் அடுத்த பேரில் வந்து நின்றார். தாளைக் கிட்டப் பிடித்தார். எட்டப் பிடித்தார்.

"வின்னி... வின்னியாகா... மட்டி?"

கூட்டம் சிரித்தது.

அது புருசனுக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் என்று அருள்மலருக்கு மட்டும் விளங்கியது.

ஜேர்மனியில் அகதி வழக்கை மறுத்துத் திரும்பிப் போகச் சொன்னது அந்தப் பேரைத்தான். அந்தப் பேரோடு ரொறன்ரோவில் இறங்கியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றியிருப்பார்கள். அதனால் யாரோ ஒரு மகேஸ்வரனின் பிறப்புச் சான்றிதழோடு வந்து, மகேஸ்வரனாகவே கையெழுத்து வைத்து, மகேஸ்வரனாகவே தகப்பனும் ஆனான். மகளுக்குக்கூடத் தெரியாது. மாமி செத்தபோது பத்திரிகைக்குக் கொடுத்த மரண அறிவித்தலில், பிள்ளைகளின் வரிசையில் அந்தப் பேரைப் போடவிடாமல் தடுத்தவள் அருள்மலர்தான்.



பொய்ப்பேர் மட்டுமே செல்லுபடியாகிற இடமாகப் பார்த்து, அங்கே கொண்டுவந்து அந்தப் பேரை அவன் பதிந்திருக்கிறான்.

மீசைக்காரர் இன்னும் இரண்டு தரம் முயன்றார். இரண்டு தரமும் பேரைக் கொன்றார். பிறகு, வாய்க்குள் நுழையாத இதை வெட்டி 'வின்னி' என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது.

மேசையடியில் அவன் கொழுப்புப் படிந்த விரல்களைப் பார்த்தபடி நின்றான்.

அருள்மலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாலி கட்டிய நாளிலிருந்து அவள் புருசனை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இஞ்சேருங்கோ'வோடு காலம் ஓடிவிட்டது.

உட்கார்ந்திருந்த வாங்கை விட்டு எழும்பினாள்.

"விநாயகமூர்த்தி!" என்று கத்தினாள். "வி... நா... ய... க... மூர்த்தி! ஒருக்கா வடிவாச் சொல்லுங்கோவன்!"

அந்த மனுசனுக்குத் தமிழ் தெரியாதென்பது அவளுக்கு நினைவில்லை.

மீசைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார்.

விநாயகமூர்த்தி துவக்கை எடுத்தான். சுடுகிற கோட்டை நோக்கி நடந்து போனான்.