பின்னறையிலிருந்து வந்த பதில்

பூங்கோதைக்கு ஏழு வயது. கேட்டதற்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமாகும். "கேட்டுட்டுப் பொறுமையா இருங்க, அவளே சொல்லுவா" என்று பேச்சுப் பயிற்சி தருபவர் சொல்லியிருந்தார். தாய் மங்கையர்க்கரசி அதைப் பழகிக்கொண்டாள். தகப்பன் தணிகாசலம் பழகவில்லை.

அன்று அவனுடைய தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். மகளின் சக்கர நாற்காலியை அவன் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனான். மங்கையர்க்கரசி குறுக்கே நின்றாள்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவன் குனிந்தான். "கொஞ்ச நேரம் இங்க இருக்கியா கண்ணு?" என்று கேட்டு, உடனே நிமிர்ந்தான். "இருக்காளாம்."

"அவ இன்னும் சொல்லல. நில்லுங்க."

வாசலில் கார் வந்து நின்றது. "என் தங்கச்சி வாழ்க்கை இது, அரசி" என்று அவன் கெஞ்சினான். அவள் விலகிக்கொண்டாள். அவன் கதவைச் சாத்தினான்.

கூடத்தில் அவள் காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் இழுத்து இழுத்து வந்தது. "மா...ட்...டேன்."

"உள்ள யாரு?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"டிவிங்க" என்றான் தணிகாசலம்.

மங்கையர்க்கரசி ஒரு சொட்டும் சிந்தாமல் அடுத்தவருக்குக் காபியை நீட்டினாள்.

பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். மங்கையர்க்கரசி ஓடிப்போய்க் கதவைத் திறந்து மகளின் முன்னால் மண்டியிட்டாள்.

"அம்மா மேல கோவமா கண்ணு?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பூங்கோதை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கும் நேரமாகியும் அவள் வாய் திறக்கவில்லை.