இடைவேளைக்குப் பின்

ஒரே சிறுமியை எட்டு வருடம் விடாமல் படம்பிடித்து, அவள் வளர்வதையே கதையாக்கியதாக விளம்பரம் செய்திருந்தார்கள். படம் முடிந்து இயக்குநர், நாயகியோடு மேடையேறிக் கருத்துக் கேட்டார். நகைக்கடையில் கம்மல் மாட்டிப் பார்க்க உதவும் வேலையிலிருந்த யசோதைதான் முதலில் எழுந்தாள்.

"முதல் பாதியில அழுதுட்டேன் சார். அப்புறம் மனசே ஒட்டல. இது வேற பொண்ணு."

"எட்டு வருஷத்துல முகம் மாறாதாம்மா?"

"முகம் மாறும். கம்மல் போடுற காதுச் சோணை மாறாது. சின்னதுக்கு அது தொங்கலா இருந்துச்சு. மேடையில இருக்கிற இவங்களுக்குக் கன்னத்தோட ஒட்டியிருக்கு."

அரங்கில் யாரோ சிரித்தார்கள். இயக்குநர் தண்ணீர் குடித்தார்.

"அந்தச் சின்னது இப்ப எங்க சார்?"

மேடையில் நாயகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா, மெல்லக் கைநீட்டி மகளின் கூந்தலை முன்னால் இழுத்துக் காதை மூடினாள்.