வெள்ளைப் பக்கம்

ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூம் கிளார்க்கான அவர், அன்றும் ஒரு கட்டுத் தாளோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

"நோயாளிங்க ரிப்போர்ட்டை ரஃப் தாளுக்குக் கொண்டு வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று சீறினாள் மனைவி.

"பழைய காப்பிதாம்மா. பின்பக்கம் வெள்ளையா கிடக்கு. யாரு திருப்பிப் பார்க்கப் போறா?"

மகள் தன் பள்ளிப் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "இந்தக் கணக்கு சரியாப்பா?"

"பாதிதானே இருக்கு. மிச்சம்?"

"திருப்பிப் பாருங்க."

திருப்பினார். மனைவியின் பெயர், வயது, வீட்டு முகவரி. தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அவள் கிளம்பிய தேதி. கீழே, 'மார்பகப் புற்றுநோய் உறுதி.'

தாளை மனைவியிடம் நீட்டினார். "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"பாப்பாவுக்குத் தெரிஞ்சா பரீட்சை கெட்டுடுமேன்னு..." மனைவியின் குரல் உடைந்தது.

"போன வாரக் கட்டுல இருந்துச்சும்மா" என்றாள் மகள். "நான் எல்லாத் தாளையும் திருப்பிப் பார்ப்பேன்."