மோட்டார் ஆறட்டும்

"இந்தப் புரோகிராமை எழுதின புண்ணியவான் இப்ப எங்க சார் இருக்காரு?"

இன்ஜினியர் பொண்ணு கேட்ட தோரணையிலேயே தெரிந்தது, ஆள் கையில் கிடைத்தால் அந்தப் புண்ணியவானை நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டாள் என்று. அவர் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொல்லிவிட்டு, மேனேஜர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சோப்புக்கு உறை போடும் கூடம் அது. பெல்ட்டில் சோப்பு நகர்ந்து வரும், பெண்கள் வரிசையாக நின்று உறை மாட்டுவார்கள், கடைசியில் ஒரு மெஷின் சூடு வைத்து ஒட்டும். பெல்ட்டுக்கு மூளையாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒட்டுகிற மெஷினுக்கு இன்னொன்று என்று இரண்டு போர்டும் தனித்தனிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அதில் ஒன்று மண்டையைப் போட்டுவிட்டது. மிச்சமிருக்கிற ஒன்றிலேயே இரண்டு புரோகிராமையும் சேர்த்துவிடச் சொல்லிவிட்டார் பெரியவர்.

பெரியவர்தான் முதலாளி. மேனேஜர் அவருடைய மாப்பிள்ளை. பெல்ட் நின்றால் பெரியவருக்குத் தன் மூச்சே நின்ற மாதிரி. இவளை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். நாளைக்குக் காலையில் வந்து பார்ப்பாராம். அவருக்குத் திருப்தியாக இருந்தால் இவளுக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவளும் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்திலேயே தீய்ந்த வாடை. ஒட்டுகிற மெஷினில் உறை கருகிப்போய்க் கிடந்தது.

காரணம், பழைய பெல்ட் புரோகிராமில் நடுநடுவே ஒரு நிறுத்தம் இருந்தது. சும்மா கொஞ்ச நேரம் ஓடாமல் நிற்கும், அப்புறம் ஓடும். முன்னே அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது இரண்டுக்கும் ஒரே மூளை. பெல்ட்டுக்காக அது தூங்கினால் சூட்டைக் கவனிக்க நாதியில்லை.

"அது மோட்டார் ஆறுறதுக்காகம்மா," என்றார் மேனேஜர். "விடாம ஓட்டினா சூடாயிடும். அதை எடுத்துடாதே."

இவள் நேரே போய் மோட்டாரில் உள்ளங்கையை வைத்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் கிட்டவே வரவில்லை. சூடாகும்மா, சூடாகும்மா என்று சொன்னதையே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

பெண் கொடுத்ததோடு மேனேஜர் நாற்காலியையும் சேர்த்துக் கொடுத்தால் இப்படித்தான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. நிறுத்தத்தை அடியோடு தூக்கி எறிந்தாள்.

பெல்ட் தங்குதடையில்லாமல் ஓடியது. ஓர் உறைகூடக் கருகவில்லை, மோட்டாரும் சூடாகவில்லை. தன் கைவரிசையைத் தானே ரசிக்கிற மாதிரி டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. வரிசையில் முதலாவதாக நிற்கிற அக்காவுக்கு வாயாடி அக்கா என்றே பெயர். காலையில் பெல்ட் நின்ற நேரத்தில் தன் நாத்தனார் கதையை எடுத்துவிட்டிருந்தாள். நாத்தனார் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு, தெருவையே கூட்டி, பூட்டை உடைத்து, கதவைத் திறந்தால் உள்ளே ஓர் ஆள். அது யார் என்று சொல்வதற்குள் தீய்ந்த வாடை வந்து கெடுத்துவிட்டது.

"அக்கா, உள்ள இருந்தது யாரு?"

"இரு கண்ணு," என்றாள் வாயாடி அக்கா, பெல்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு சோப்பு போனது. "இரு, சொல்றேன்." இன்னொன்று போனது.

இவள் டீ ஆறிப்போகிற வரைக்கும் நின்றாள். கதை வரவில்லை. யாருமே பேசவில்லை. தண்ணீர் பாட்டில்கள் மூடி திறக்காமல் வரிசையாக இருந்தன. கடைசியில் நின்ற பெண் வலிக்கிற மணிக்கட்டை ஒரு உதறு உதறினாள், அதற்குள் ஒரு சோப்பு தப்பிப் போக, அதன் பின்னாலேயே ஓடினாள்.

"முன்னாடி மெஷின் கொஞ்சம் மூச்சு விடும்," என்றாள் வாயாடி அக்கா. "நாங்களும் கூடவே விட்டுக்குவோம்."

இவளுக்குச் சுருக்கென்றது. மோட்டார் எந்தக் காலத்திலும் சூடாகவில்லை. புண்ணியவான் என்று கிண்டலாகச் சொன்னோமே, அந்த மனுஷன் நிஜமாகவே புண்ணியவான்தான் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது.

திரும்பிப் போய் உட்கார்ந்தாள். நிறுத்தத்தை மறுபடியும் போட்டாள், ஆனால் வேறு மாதிரி. பெல்ட் நிற்கும், போர்டு தூங்காது. ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் சூட்டில். பெல்ட் நின்றது, ஓடியது, நின்றது. கருகல் இல்லை.

புரோகிராம் சரியாகிவிட்டது. பொய்யைத்தான் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. நிறுத்தம் மோட்டாருக்காக இல்லை என்று பெரியவருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொன்னால் மாமனார் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அதனால் மறுநாள் காலையில் முதல் பொய்யை மேனேஜரிடமே அவிழ்த்துவிட்டாள்.

"சார், நீங்க சொன்னதுதான் சரி. மோட்டார் நல்லாவே சூடாகுது. நிறுத்தத்தைத் திரும்பப் போட்டுட்டேன்."

சொல்லும்போது காதெல்லாம் சுட்டது. மேனேஜர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் பெல்ட் நின்றது. "வேற யாரு, அவ புருஷன்தான். உள்ள குறட்டை விட்டுத் தூங்கிட்டிருக்கான்," என்று வாயாடி அக்காவின் குரல். கொல்லென்று ஒரு சிரிப்பு எழுந்தது.

வாசலில் பெரியவரின் கார் வந்து நின்றது. மேனேஜர் அவசரமாக எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மாமா எதையும் தொட்டுப் பார்க்கிற ஆளும்மா. நீ பேச்சுக் கொடுத்துக்கிட்டே இரு, மோட்டார் பக்கம் போகாம நான் பார்த்துக்கிறேன்."