அரைக்கைச் சட்டை

திரைக்கு இந்தப் பக்கம் அவர் மட்டும்.

கண்ணாடியில் பார்த்தார். கத்திரிப்பூ நிறம். சென்னிமலைத் தறித் துணி. தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. காலரில் ஒரு சுருக்கம் இல்லை.

இத்தனை வருடமும் சந்தனக் கலர், வெளிர்நீலம். அதைத் தாண்டியதில்லை. இந்த நிறம் தனக்கு எடுக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

ஒரு கணம் நன்றாக இருந்தது.

பிறகுதான் கையைப் பார்த்தார்.

சட்டை முழங்கையோடு முடிந்துவிட்டது.

அதற்குக் கீழே, மணிக்கட்டு வரைக்கும், இரண்டு கையிலும் வெள்ளை. திட்டுத் திட்டாக. அந்த நிறத்துக்குப் பக்கத்தில் இன்னும் வெள்ளையாக.

வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஊரில் அதற்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேருக்குப் பயந்துதான் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றாமல் சாப்பிடுகிறவர் அவர்.

திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார்.

கல்யாண ஜவுளி எடுக்க இரண்டு வீடும் சேர்ந்து வந்திருந்தது. அது வழக்கம். பெரிய கடைக்குப் போகாமல் இங்கே வந்தது மகள் தாரணியின் பிடிவாதம். ஈரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடி. நிலோஃபர் என்ற பெண் தானே வரைந்து, தானே வெட்டி, தானே தைக்கிறாள். நம்ம ஊர்ப் பிள்ளை செய்வதை நாம் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவது என்று தாரணி இரண்டு வீட்டிலும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

படியேறும்போது மாப்பிள்ளையின் அம்மா, கடைக்கு ஒரு போர்டுகூட இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இப்போது கையில் எடுத்த துணியைக் கீழே வைக்கவில்லை.

அவர்களுக்கு இந்தக் கை தெரியாது.

பெண் பார்க்க வந்தபோது தெரியாது. நிச்சயத்திலும் தெரியாது. தாலி ஏறும் வரைக்கும் தெரிய வேண்டாம் என்று அவரும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள்.

தெரிந்தால் நின்றுவிடும். அப்படி நின்ற கல்யாணம் ஒன்றிரண்டு அவருக்கே தெரியும்.

பழைய சட்டைக்குக் கை நீட்டினார்.

ஆணி காலியாக இருந்தது.

நிலோஃபர் வாங்கிப் போயிருந்தாள். ஒருவர் தினமும் போடுகிற சட்டையை விரித்துப் பார்த்த பிறகுதான் தைத்த கல்யாணச் சட்டையைத் திருத்தி முடிப்பாளாம். உடம்பு எங்கே இழுக்கிறது, எங்கே உரசுகிறது என்று அதில் இருக்குமாம். அவரும் திரைக்கு மேலாகக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

புதுசை விரித்துப் பார்க்காமலே.

முதுகில் வியர்வை இறங்கியது. வெளியே ஃபேன் ஓடியது. திரை அசைந்தது. இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

மேசையில் அவருடைய சட்டையை விரித்துவிட்டார்கள் போலிருந்தது. கை நுனி இரண்டும் இப்படி நைந்திருக்கிறதே, முழுக்கை போடுகிறவருக்கு அரைக்கை தைத்துவிட்டேனோ என்று நிலோஃபர் பதறுவது கேட்டது.

முன்பே வந்து அளவு கொடுத்தது தாரணி. சொல்ல மறந்திருப்பாள். ஐயோ, இதைப் போய் மறந்தாளே என்று நினைத்தார்.

"இல்லக்கா. அரைக்கைன்னு நாந்தான் சொன்னேன்."

மகளின் குரல். காப்பிக்குச் சர்க்கரை கேட்பதுபோலச் சாதாரணமாக இருந்தது.

திரையின் ஓரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.



மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார்.

"என்னுங் சம்பந்தி, உள்ளயே தூங்கிட்டீங்களாட்ட இருக்குது. வந்து காட்டுங்க, நாங்களும் பாக்கோணுமல்ல."

பட்டன் மாட்டவில்லை என்று ஏதோ சொன்னார். வெளியே கேட்டிருக்காது. கையைக் கட்டிப் பார்த்தார். பின்னால் வைத்துப் பார்த்தார். வெளியே போனால் துணியைக் காட்டி, பிடித்துப் பாருங்கள் என்பார்கள். கை நீட்டத்தான் வேண்டும்.

தரை கூட்டுவதுபோல ஒரு செருப்புச் சத்தம் கிட்டே வந்தது. தாரணி அப்படித்தான் நடப்பாள்.

திரையின் ஓரத்தில் ஒரு கை மட்டும் உள்ளே நுழைந்தது. பழைய சட்டையை நீட்டியது.

அப்பாடா என்றிருந்தது. பிடுங்காத குறையாகப் பற்றினார்.

அவள் விடவில்லை.

இழுத்தார். அப்போதும் விடவில்லை.

சுடிதாரின் கை மேலே ஏறியிருந்தது. வளையல்களும் மேலே ஒதுங்கியிருந்தன. மணிக்கட்டின் உள்பக்கம், நரம்பு ஓடுகிற இடத்தில், அரிசி அளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒன்று.

தையல் சாக்பீஸாக இருக்கும். இந்தக் கடையில் எதைத் தொட்டாலும் அந்தத் தூள்தான்.

கட்டைவிரலால் துடைத்தார்.

எச்சில் தொட்டுத் துடைத்தார்.

தோல் சிவக்கும் வரை தேய்த்தார். சுற்றிலும் சிவந்தது. அது மட்டும் அப்படியே இருந்தது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் பார்க்கட்டும் என்று வைத்திருந்தாள்.

வெளியே மறுபடியும் கூப்பிட்டார்கள்.

அவர் பழைய சட்டையை விட்டார். அது கீழே விழுந்தது. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

திரையை விலக்க மறு கையை அதன்மேல் வைத்தார்.

 

கையை எடுக்கவில்லை.