ஏட்டையாவின் வடைப் பொட்டலம்

"டேய், நில்லுடா! வடையக் குடுத்துட்டு ஓடுடா!"

செஞ்சிக் கோட்டைச் சாலையில் ஏட்டு வீரமணியின் குரல் முதலில் ஓடியது. தொந்தி அடுத்து வந்தது. கால்கள் கடைசியாக வந்து சேர்ந்தன. முகத்தில் துண்டு கட்டிய திருடனோ வேட்டைநாய்க்குப் போக்குக் காட்டும் முயலைப் போலத் துள்ளிக்கொண்டிருந்தான்.

ஒரு மாதமாக இதே கூத்து. காலையில் டீக்கடையில் வடை வாங்கிக்கொண்டு அவர் திரும்பினால் போதும், எங்கிருந்தோ வந்து பறித்துக்கொண்டு ஓடுவான். ஏட்டிடமே திருட்டு என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்ல முடியுமா? மானம் கப்பலேறிவிடாதா?

மறுநாள் விழுப்புரத்தில் அவருக்கு ஓட்டத் தேர்வு. தேறினால் எஸ்.ஐ. பதவி, தவறினால் ஓய்வுபெறும்வரை ஏட்டுதான்.

"காலையில கொஞ்சம் ஓடித்தான் பாருங்களேன்" என்று மனைவி சாமுண்டீஸ்வரி எத்தனையோ முறை கெஞ்சியிருந்தாள்.

"திருடன் இல்லாம போலீஸ்காரன் ஓடுனா ஊரே சிரிக்கும்டி. போயி சட்னிய அரை" என்று அவளை அடக்கிவிடுவார் வீரமணி.

செட்டிக்குளம் வந்ததும் திருடன் நின்றான். திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னா ஏட்டையா, மூச்சு வாங்குதா? வடை ஆறிடப் போவுது!"

"உன் தோல உரிக்கல, எம் பேரு வீரமணி இல்லடா!"

அந்தக் கேலி அவர் கால்களில் சக்கரத்தைக் கட்டியது. முதல் நாள் டீக்கடை முனையிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்ட மனிதர், இன்று குளக்கரையைக் கடந்தார், புளியமரங்களைக் கடந்தார், ராஜகிரி அடிவாரத்தில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து திருடனின் காலரைப் பற்றினார்.

"மாட்னியா! நடடா ஸ்டேஷனுக்கு!"

திருடன் திமிறவில்லை. துண்டை இறக்கிவிட்டு, முகம் மலரச் செல்போனை எடுத்து, "அக்கா! சார் என்னப் புடிச்சிட்டாரு!" என்று கூவிவிட்டு, அதை அவரிடமே நீட்டினான்.

"யாரும்மா நீ? திருட்டுப் பயலுக்கு அக்காவா?" என்று கர்ஜித்தார் வீரமணி.

மறுமுனையில் பதறியது சாமுண்டீஸ்வரியின் குரல்.

"அய்யோ, பிரிட்டோவ அடிச்சிடாதீங்க! பி.டி. மாஸ்டருக்குப் படிக்கிற புள்ள அது. உங்கள ஓட வெக்கிறதுதாங்க அதோட இன்டர்ன்ஷிப்பே!"