மேபலின் ரத்தம்

வெள்ளை நாய் சிவப்பாகக் கிடந்தது.

ராய்ஸ் சேற்றில் உட்கார்ந்து, மேபலை மடியில் மல்லாத்தி, கழுத்துத் துணியால் அதன் வயிற்றைத் துடைத்தான். துடைத்த இடம் வெளுத்தது. நான்கு மூச்சு விடுவதற்குள் மறுபடி சிவந்தது.

மூன்று எட்டுத் தள்ளிக் காட்டுப்பன்றி கிடந்தது. அதன் பின்னங்கால் ஒன்று இன்னும் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது.

மேபல்தான் முதலில் பாய்ந்து அதன் காதைக் கவ்வியது. ராய்ஸ் பின்னங்கால்களைப் பிடித்துப் புரட்டி, தோளுக்குப் பின்னால் கத்தியை இறக்கினான். பன்றி சாவதற்கு முன் ஒரு முறை முழு உடம்போடு திரும்பியது. மூன்று உடம்புகளும் ஒரே குவியலாக ஓடைக்குள் உருண்டன. எலும்பில் கத்தி உரசியது. அவன் அதைத் திருகிக்கொண்டே இருந்தான், உறுமல் குமிழியாகும்வரை.

பிறகு அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் எல்லோரும் செய்வதையே செய்தான். முதலில் நாயைப் பார்த்தான்.

கூட வேட்டைக்கு வந்தவனைக் கூப்பிட வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனான். “எமெட்! பன்னி மேபலைக் கிழிச்சுடுச்சுடா!”

“வண்டிகிட்ட வந்துட்டேன். சுத்திக்கிட்டுதான் வரணும், இருபது நிமிஷம் ஆகும். நாய்க்குப் பார்க்குற டாக்டர் வெல்டாவைக் கூப்பிடு.”

“அந்தம்மாவையா? எட்டு வயசு நாயை இனிமே காட்டுக்குக் கூட்டிட்டுப் போனா உன் தோலை உரிச்சுடுவேன்னாங்க. மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்.”

“அப்ப உன் செல்போன்ல இருக்குற ஏ.ஐ. டாக்டர்கிட்டயே கேளு. என் நாய் கரகரன்னு இருமுதுன்னு கேட்டேன், ஓய்வு குடுங்கன்னுச்சு. தொண்டையில இருந்தது அணில் வாலுடா!”

ராய்ஸ் செல்போனை எடுத்தான். கட்டைவிரல் திரையில் சிவப்பாகப் பதிந்தது.

நாயைப் பன்றி குத்திவிட்டது என்று எழுதிப் படமும் அனுப்பினான். உடனே பதில் வந்தது. அது பன்றியின் ரத்தமாக இருக்கலாம், துடைத்துவிட்டுப் பாருங்கள்.

துடைத்தால் திரும்ப வருகிறது என்று எழுதினான்.

அப்படியானால் ரத்தக்குழாய் அறுந்திருக்கலாம். உங்கள் நாயை அசையவிடாமல் மடியிலேயே வைத்திருங்கள். காயத்தை அழுத்திப் பிடியுங்கள்.

“எங்கடா காயம்?” ராய்ஸ் செல்போனைப் பார்த்துக் கத்தினான். காதில் ஒரு கிழிசல், நகத்தளவு. தோலைத் தைக்கும் ஸ்டேப்ளரால் அங்கே இரண்டு அடி அடித்தான். வயிற்று ரோமத்தை விலக்கி விலக்கித் தேடினான். விரல் போக ஓர் ஓட்டை இல்லை.

மேபல் நழுவி இறங்கி, அவன் முழங்காலை நக்கியது. “படுடி!” இழுத்து மடியில் அமுக்கினான். மறுபடி நழுவியது. மறுபடி அமுக்கினான்.

நாய் என்னை நக்கிக்கொண்டே இருக்கிறது என்று எழுதினான். மூன்று இடத்தில் எழுத்து தவறியது.

வலியிலும் பயத்திலும் இருக்கும் நாய்கள் உரிமையாளரிடம் ஆறுதல் தேடும். அன்பாகப் பேசுங்கள்.

பேசினான். “என்னைப் பெத்தவளே, போயிடாதடி.”

ஓடைக் கரையில் பனி தகடாக உறைந்திருந்தது. இடுப்புவரை நனைந்த துணி உடம்போடு ஒட்ட, பல் கிட்டியது. வலது பூட்ஸுக்குள் புகுந்த தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

ரத்தம் நிற்கவில்லை. மேபல் சாகப்போகிறது. சத்தியத்தை மீறியதற்கு இதுதான் கிடைக்கும் என்று நினைத்தான். கண்ணை மூடினால் தேவலை போலிருந்தது.

செல்போன் அடித்தது. டாக்டர் வெல்டா.

“எமெட் எல்லாம் சொன்னான். வையிறதை அப்புறம் வையிறேன். ஈறு என்ன நிறம்?”

“ரோஸ்... டாக்டரம்மா.”

“விரலால அழுத்திட்டு விடு. நிறம் திரும்புதா?”

“உடனே திரும்புது.”

“அவளை இறக்கி நிக்க வை.”

“அசைக்கக் கூடாதாம். செல்போன்ல...”

“அது உன் நாயைப் பார்த்ததா, ராய்ஸ்? நிக்க வை!”

இறக்கிவிட்டான். மேபல் நான்கு காலில் நின்று உடம்பை உதறியது. வாலை ஆட்டியது.

“இப்ப வயித்தைத் துடை. துடைச்சுட்டு அவளைத் தொடாம இரு.”

துடைத்தான். காத்திருந்தான். வயிறு வெள்ளையாகவே இருந்தது.

“நின்னுருச்சு!” அவனுக்குச் சிரிப்பு வந்தது. நாக்கு குழறியது. “டாக்டரம்மா, ரத்தம் நின்னுருச்சு! பொழச்சுட்டா!”

“நீ ஏன் குடிச்சவன் மாதிரி பேசுற?”

“குளிருது. தூக்கமா வருது. இவ வேற விடமாட்டேங்கிறா, என் காலையே நக்கிக்கிட்டு...”

“எந்தக் காலை?”

“வலது...” ராய்ஸ் குனிந்து பார்த்தான். மேபல் தலையைத் தூக்கியது. அதன் வாய் புது ரத்தத்தில் சிவந்திருந்தது.

“பெல்ட்டைக் கழட்டி தொடையில இறுக்கிக் கட்டு, ராய்ஸ். அது மேபல் ரத்தம் இல்ல.”